மூன்று நர்ஸ்கள், 168 மணி நேரம்

ஒரு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் (பி.எச்.சி.) எப்போது ஆஸ்பத்திரி ஆனது என்று கேட்டால் திறப்பு விழாக் கல்வெட்டைக் காட்டுவார்கள். உள்ளே வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள். ராத்திரி டியூட்டிக்கு நர்ஸ் வந்த வருஷத்தைச் சொல்வார்கள்.

நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த ஜோசப் போர் (Bhore) கமிட்டி 1946-இல் தந்த அறிக்கைதான் இந்த நிலையங்களுக்கு விதை. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் வட்டாரத்துக்கு ஒன்றாக நிலையங்கள் வந்தன. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கு பிற்பாடு வந்தது. கணக்கு சரிதான். ஆனால் மாலையில் டாக்டர் டவுனுக்குக் கிளம்பிவிட்டால் கேட்டில் பூட்டு. பிரசவ வலி ஓ.பி. நேரம் பார்த்தா வரும்?

தமிழ்நாட்டில் 1990-களின் கடைசியிலிருந்து படிப்படியாக மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு இரவிலும் திறந்து வைத்தார்கள். ஆளுக்கு எட்டு மணி நேரம் என்று காகிதத்தில் அழகாக இருக்கும். வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 56. இதில் வார விடுப்பே இல்லை. ஒருவர் பயிற்சிக்கோ பேறுகால விடுப்பிலோ போய்விட்டால் மற்ற இருவருக்கும் 12 மணி நேர டியூட்டி. உடனே துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார நர்ஸை (வி.எச்.என்.) இரவுக்கு இழுப்பார்கள். அந்தப் புதன்கிழமை அவர் தடுப்பூசி போடும் வேலை அடிபடும். நாலாவது நர்ஸைக் கேட்பது சொகுசுக்காக அல்ல.

மருந்துக் கதை வேறு. 1994-இல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வந்தபின் மாவட்டக் கிடங்கு, பாஸ்புக் என்று ஒழுங்கு பிறந்தது. ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து எடுத்த மருந்தின் மதிப்பு பாஸ்புக்கில் கழியும். போன வருஷச் செலவைப் பார்த்தே இண்டெண்ட் (மருந்து கேட்கும் பட்டியல்) எழுதுவதால், மழைக்காலக் காய்ச்சல் வழக்கத்தைவிடக் கூடினால் பாராசிட்டமால் இழுபறியாகும். புதுப் பெட்டியை முன்னால் அடுக்கினால் பின்னால் இருப்பது காலாவதியாகும்.

எங்கள் கவலை, பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசிமேல்தான். குழந்தை பிறந்து, வயிற்றில் இன்னொன்று இல்லை என்று உறுதியானதும், ஒரு நிமிஷத்துக்குள் 10 யூனிட் தசையில் போட வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். கைக்கு எட்ட இருக்கட்டும் என்று ஆம்பியூலை (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியை) டிரேயிலேயே விட்டுவிடுவது வழக்கம். சித்திரை வெயிலில் அதன் வீரியம் குறையும். நிறம் மாறாது, பார்த்தால் தெரியாது. கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் போகும்போது, தாய்க்கு ரத்தசோகை என்று ரெஃபர் சீட்டில் எழுதுவார்கள். மருந்தை யாரும் சந்தேகிப்பதில்லை. பிரசவ அறைக்கென்று தனியாக ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், அதில் தெர்மாமீட்டர், காலையும் மாலையும் குறிக்க ஒரு நோட்டு. வலி முற்றியபின் ஆம்பியூலை வெளியே எடுத்தால் போதும்.