நியுவே ஆமை நாணயத்தை வாங்கிச் சோதித்த அனுபவம்

சிறு தீவு நாடுகளின் நாணயங்களைச் சேர்க்க ஆரம்பிக்கலாம் என்று முடிவெடுத்ததும், முதலில் எதை வாங்குவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. பலாவு 1992-இலேயே கடல்வாழ் உயிரினங்களை வண்ணத்தில் பதித்து வெளியிட்டது. குக் தீவுகளின் பெயரில் விண்கல் துணுக்கு பதித்த நாணயங்கள்கூட உண்டு. எல்லாமே இழுத்தாலும், நான் எடுத்தது நியுவேயின் ஒரு அவுன்ஸ் வெள்ளி ஆமை நாணயம். வண்ணமோ வேறு பொருளோ சேராத தூய வெள்ளி, அதனால் சோதிப்பது சுலபம்.

நியுவேயில் வாழ்பவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. அங்கே அன்றாடம் புழங்குவது நியூசிலாந்து டாலர். நாணயத்தில் நாட்டின் பெயரும் 2 டாலர் முகமதிப்பும் இருக்கும். வெளியிடுவது நியூசிலாந்து மின்ட் என்ற நாணய நிறுவனம். துவாலுவுக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் மின்ட் அச்சடிக்கிறது. இதனாலேயே இவற்றை உண்மையான நாணயமாகவே ஏற்காதவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நாடு அனுமதித்து, சட்டப்படி செல்லும் என்று அறிவித்த பணம் அது.

விற்பவர்களிடம் எடை, தூய்மை, விட்டம் மூன்றையும் கேட்டேன். ஒருவர் 'குறைந்த எண்ணிக்கைதான் வந்திருக்கிறது' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை விட்டுவிட்டேன்.

நாணயம் வந்ததும் எடை பார்த்தேன், 31.1 கிராம்; வெள்ளிக்குப் பயன்படும் டிராய் அவுன்ஸ் ஒன்றின் எடை அதுதான். காந்தம் ஒட்டவில்லை. ஆனால் செம்பும் ஈயமும்கூட ஒட்டாது, அதை மட்டும் நம்ப முடியாது. அப்புறம் தண்ணீர்ச் சோதனை. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, நாணயத்தை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் அமிழ்த்தினேன். அப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய நீரின் எடை. வெள்ளியின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 10.49 கிராம் என்பதால் அது 2.97 கிராம் அளவில் வர வேண்டும். செம்பாக இருந்தால் 3.5-ஐ நெருங்கும், ஈயம் என்றால் 2.7 சொச்சம். என் தராசு 2.9-க்கும் 3-க்கும் நடுவே நின்றபோது அவ்வளவு சந்தோஷம்!

சேகரிப்பாளர்களுக்காகக் கண்ணாடிபோலப் பளபளக்க அச்சடிக்கும் புரூஃப் நாணயத்துக்கு இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யவே கூடாது. நீர்த்துளி காய்ந்த தடம் அதன் பளபளப்பைக் கெடுத்துவிடும். அதை அதன் கேப்ஸ்யூலிலிருந்து, அதாவது மூடிய தெளிவான பெட்டியிலிருந்து, எடுக்காமலே, சான்றிதழையும் அச்சாலை தரும் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சரி.

ஆமையைத் துணியால் தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, அக்ரிலிக் கேப்ஸ்யூலில் வைத்தேன். பிவிசி உறைகள் வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். அடுத்ததாகப் பலாவு நாணயம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.