பின் சீல் போயிடுச்சு, அண்ணே

பழைய அம்பாசடர் காரில் இன்ஜினின் பின்பக்கம் ஆயில் சொட்டினால், "பின் சீல் போயிடுச்சு அண்ணே, மாத்திடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் வண்டியை ஷெட்டுக்குள் விடுவார்கள். அந்தக் காரின் 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜினில் அந்த இடத்தில் ரப்பர் சீலே கிடையாது என்றால் நம்ப மாட்டார்கள். இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் மரை மாதிரி பள்ளம் வெட்டியிருக்கும். சுற்றும்போது, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அது சம்ப்புக்கே, அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கே, திருப்பிவிடும். ஏற்பாடு அவ்வளவுதான். அதனால் நிறுத்திய இடத்தில் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் நான் கண்டுகொள்வதில்லை. குட்டையாகத் தேங்கினால்தான் தேட வேண்டும்.

ஒரு டாக்ஸி அப்படி வந்தது. வேறொரு பட்டறையில், பின் சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். சவாரி போய்விடுமே என்று ஓட்டுநருக்குக் கவலை. முதலில் டீசலும் பிரஷ்ஷும் எடுத்து இன்ஜினைக் கழுவினேன். ஆயில் மேலிருந்து வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். சொட்டும் இடமே கசியும் இடமாக இருப்பது அபூர்வம். காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவி, இன்ஜின் சூடாகும் வரை ஓடவிட்டேன். (பையன்களுக்கு ஒரே சிரிப்பு.)

பவுடரில் ஈரக்கோடு தொடங்கியது மேலே, மேனிஃபோல்டுக்கு (காற்றும் புகையும் போகும் குழாய்த் தொகுதி) அடியில் ஒளிந்திருக்கும் டேப்பட் பக்க மூடியில் (வால்வைத் தூக்கும் பாகங்களை மூடும் தகடு). அங்கிருந்து வழிந்து, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் பக்கம் போய்ச் சொட்டியிருக்கிறது. தகட்டு மூடி, நடுவில் ஒரே போல்ட், உள்ளே கசிவைத் தடுக்கும் கார்க் கேஸ்கட். கசிகிறதே என்று யாரோ போல்ட்டை இறுக்கோ இறுக்கென்று இறுக்கியதில் தகடு வளைந்து ஓரம் தூக்கிவிட்டது. மேனிஃபோல்டைக் கழற்றி, மூடியைச் சமமான இரும்பில் வைத்துத் தட்டி நேராக்கி, புது கார்க் போட்டு அளவாக முறுக்கினேன். சீலண்ட் பேஸ்ட்டை அள்ளி அப்புவது எனக்குப் பிடிக்காது. உள்ளே பிதுங்கும் துண்டு சம்ப்பில் விழுந்தால் ஆயில் பம்ப்பின் சல்லடை அடைத்துக்கொள்ளும். அப்புறம் பேரிங்குக்கு ஆபத்து.

அதோடு விட முடியவில்லை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று புகை. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே இறங்கும். பிரீதர் என்னும் காற்றுப்போக்கி வழியாக அது வெளியேற வேண்டும். பிரீதர் குழாய் கசடு பிடித்து அடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் கூடினால் எந்த கேஸ்கட் இளைத்ததோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும், பின்பக்க மரைப் பள்ளமும் தாக்குப்பிடிக்காது. குழாயைச் சுத்தம் செய்ததும் புகை குறைந்தது, நிற்கவில்லை. ரிங் வேலை ஒருநாள் வரும் என்று சொல்லிவைத்தேன்.

"அப்ப கியர்பாக்ஸ், அண்ணே?"

"ஆயில் பட்டு கிளட்ச் ஸ்லிப் ஆனா பார்க்கலாம். இப்ப வேண்டாம்" என்றேன்.