பார்வையாளர் அட்டை

அந்த மூதாட்டியின் முழங்கை மடிப்பில் இளம் மருத்துவர் ரத்தக் குழாயைத் தேடிக்கொண்டிருந்தார். சற்றே வெளிப்புறமாக அது புடைத்திருப்பது கட்டிலின் கால்மாட்டில் நின்ற எனக்குத் தெரிந்தது. இங்கிலாந்தின் ஒரு மருத்துவமனையில் கிளினிக்கல் அட்டாச்மென்ட் என்ற பெயரில், நோயாளியைத் தொடாமல் பார்த்து மட்டும் கற்கும் பார்வையாளராக, அதற்கான அட்டையுடன் ஊதியமின்றி வார்டைச் சுற்றிவந்த காலம் அது. மூதாட்டி என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்களும் டாக்டர்தானே?” என்று கேட்டார். எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜனாக இரவு பகல் பாராமல் உழைத்து வந்தவளால் அதற்கு ஆம் என்று சொல்ல முடியவில்லை. பிரிட்டனின் மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி.யில் பதிவில்லாத ஒருவர் தம்மைப் பதிவுபெற்ற மருத்துவராகக் காட்டிக்கொள்வது இங்கே குற்றம். அந்தச் சட்டம் நோயாளியைக் காப்பது, நியாயமானது. ஆனாலும் அன்று நெஞ்சு வலித்தது.

பதிவுக்கான வழி தெளிவாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத் திறனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7 வேண்டும், அல்லது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யின் எல்லாப் பிரிவுகளிலும் ‘பி’ தரம் வேண்டும். அடுத்து, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் என்ற இரண்டு கட்டத் தேர்வு. அதன் முதல் தேர்வு மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள். அதை இந்தியாவிலேயே எழுதிவிடலாம். இரண்டாம் தேர்வுக்கு மான்செஸ்டருக்கு வந்தாக வேண்டும்.

அந்த இரண்டாம் தேர்வை நான் மிகவும் விரும்பினேன். அறை அறையாகச் சென்று, நோயாளியாக நடிப்பவரிடம் எட்டு நிமிடம் பேச வேண்டும். ஓர் அறையில் கணவரின் நோயைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுத பெண், மணி அடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்தவருக்காக நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய திறமையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. நோயைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எதற்காகப் பயப்படுகிறீர்கள் என்று கேட்பதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு. நம் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் வாசல் தாண்டி நீளும் வரிசையில், ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கவே போராடிய எனக்கு, அந்த எட்டு நிமிடம் பெருஞ்செல்வமாகத் தெரிந்தது. அந்த ஓ.பி.யில் பார்த்த எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க நேரமே வாய்க்கவில்லையே என்ற ஏக்கமும் கூடவே வந்தது.

என் மனக்குறை தேர்வுகளைப் பற்றியதன்று, அவற்றுக்கு இடையிலும் பின்னும் நீளும் காத்திருப்பைப் பற்றியது. மருத்துவம் பாதி கையில் இருக்கிறது. கர்ப்பிணியின் வயிற்றைத் தடவிக் குழந்தையின் தலை எங்கே என்று சொல்வதும், கல்லீரலின் விளிம்பை விரல் நுனியில் உணர்வதும், பச்சிளங்குழந்தையின் புறங்கையில் ஊசி ஏற்றுவதும் நாள்தோறும் செய்வதால் நிலைக்கும் திறன்கள். பதிவு கிடைத்த பிறகும் வேலை உடனே கிடைப்பதில்லை. விண்ணப்பித்த இடங்களில் பல, என்.எச்.எஸ். என்ற பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையில் அனுபவம் கேட்டன, வேலை இல்லாதவர் அந்த அனுபவத்துக்கு எங்கே போவார்? மீண்டும் அட்டாச்மென்ட்தான், மீண்டும் தொடாமல் நிற்பதுதான். நன்றாகப் பயின்ற மருத்துவர்களை இப்படிச் சும்மா நிறுத்திவைப்பது எந்த நாட்டுக்கும் இழப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

இப்போது வேலை கிடைத்துவிட்டது. இரவுப் பணி, குளிர், இங்கத்திய மருந்துப் பெயர்கள் எல்லாம் பழகிவிட்டன. இங்கே வேரூன்றிவிட்டேன் என்றே சொல்வேன். ஆயினும் ஒரு நோயாளி பயத்தில் என் கையைப் பற்றினால், பிரசவ வார்டில் விடிய விடிய என் விரல்களை விடாமல், “டாக்டரம்மா, எங்கேயும் போயிடாதீங்க” என்ற பெண்தான் நினைவுக்கு வருகிறாள். அவள் முகத்தைக் கடந்துதான் எதிரே இருப்பவரிடம் பேச முடிகிறது.

எங்கள் வார்டுக்கு அன்றைய என்னைப் போலப் பார்வையாளர் அட்டையுடன் மருத்துவர் யாராவது வந்தால், மூத்த நிபுணரான கன்சல்டன்டிடமும் நோயாளியிடமும் அனுமதி கேட்டு, நோயின் வரலாற்றை அந்த மருத்துவரையே விசாரிக்கச் சொல்கிறேன். பிறகு ரவுண்ட்ஸில் அதை அவரே எடுத்துச் சொல்கிறார்.