வீட்டிலிருக்கும் பிள்ளைக்குப் பள்ளி என்ன செய்யலாம்?

தொலைவழிக் கல்வி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தானே பாடம் கேட்டுத் தானே குறிப்பெடுக்கும் வயதுடைய மாணவரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். தொடக்கப் பள்ளியின் நிலை வேறு. ஆறு வயதுப் பிள்ளைக்கு நாம் எதை அனுப்பினாலும் அது ஒரு பெரியவரின் கை வழியாகவே சென்று சேர்கிறது. அந்தப் பெரியவருக்கு நேரம், பொறுமை, எழுத்தறிவு ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் நாம் அனுப்பியது அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே, பிள்ளைகள் வீட்டிலிருந்து கற்க வேண்டிய காலங்களில் ஒரு தொடக்கப் பள்ளி முதலில் துணை நிற்க வேண்டியது பிள்ளையின் பக்கத்தில் அமரும் அந்தப் பெரியவருக்குத்தான் என்பது, திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றும் எனது கருத்து.

கொரோனாக் காலத்தின் கணக்கை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. 2020 ஆகஸ்ட் 17 முதல் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை நடைபெற்றது. அவ்வாறு சேர்ந்த பிள்ளைகள் பள்ளியின் வகுப்பறையில் முதன்முதலாக அமர்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தார்கள். பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதும் பழக்கமோ, பக்கத்தில் இருப்பவனோடு புத்தகத்தைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கமோ, மணி அடித்தால் எழும் பழக்கமோ அவர்களுக்கு இல்லை. மேல்வகுப்பு மாணவர்களுக்கு நேர்ந்தது இடைவெளி என்றால், இவர்களுக்குத் தொடக்கமே நிகழவில்லை.

கருவிகள் இல்லாமல் போகவில்லை. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைத் திறன்பேசியில் வருடினால் திக்‌ஷா என்ற அரசின் இணையவழிக் கல்வித் தளத்தின் காணொளிகள் திறக்கும். ஆயினும் திறன்பேசி இருப்பது வேறு, அது பிள்ளையின் கையில் இருப்பது வேறு. ‘அசர்’ எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை 2021இல் நாடு முழுவதும் ஊரகப் பகுதிகளில் விசாரித்தபோது, ஏறத்தாழ 68 விழுக்காட்டுப் பிள்ளைகளின் வீடுகளில் திறன்பேசி இருந்தது. 2018இல் அது சுமார் 36 விழுக்காடுதான். ஆனால் அப்படி இருந்த வீடுகளிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு அதைப் பயன்படுத்தும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் இதற்கான காரணம் யாவரும் அறிந்ததே. கைப்பேசி தகப்பனாருடையது, அது அவருடன் காலையில் வேலைக்குப் போய் இரவில்தான் வீடு திரும்பும்.

இதை உணர்ந்த பின்னர்தான் பெற்றோருக்காக நாங்கள் வைத்திருந்த புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்குப் பொருள் வந்தது. பகல் பத்து மணிக்குப் பாடம் அனுப்புவதை விட்டுவிட்டு, இரவு உணவு முடியும் வேளையில் அனுப்பலானோம். நீண்ட காணொளிகளுக்குப் பதிலாக ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் குரல் பதிவுகளை அனுப்பினோம். அவை தரவைத் தின்பதில்லை, பழைய கைப்பேசியிலும் கேட்கும், அனைத்துக்கும் மேலாகப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்துப் பதிவு செய்தால் அது மறுநாளும் ஒலிக்கக் கேட்டோம் என்று தாய்மார்கள் சொல்வதுண்டு.

ஆனால் உண்மையான பணி பள்ளி வாசலில்தான் நடந்தது. சத்துணவு சமைக்க இயலாத அந்த மாதங்களில் அரிசியும் பருப்பும், பின்னர் முட்டையும், உலர் பொருள்களாகப் பெற்றோரிடம் வழங்கப்பட்டன. பொருள் வாங்க வரும் ஒவ்வொருவரையும் ஆசிரியர் நேரில் பார்க்கும் நாளாக அது அமைந்தது. வரிசையில் நிற்பவர் பையைக் கொடுக்கும்போதே பிள்ளையின் சென்ற வாரப் பயிற்சித் தாள்களையும் கொடுப்பார். நாங்கள் புதிய தாள்களை அரிசிப் பையோடு சேர்த்துக் கொடுப்போம். இதை எந்தச் சுற்றறிக்கையும் எங்களுக்குச் சொல்லவில்லை என்றாலும், தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்புகிறேன். எந்தச் செயலியையும்விட அந்த வரிசைதான் எங்களுக்குக் கூடுதலாகத் தகவல் தந்தது. யார் வீட்டில் வேலை போயிற்று, எந்தப் பிள்ளையை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், யார் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பென்சில் இருக்கிறது என்பவையெல்லாம் அங்கேதான் தெரியவந்தன.

அங்கே அடிக்கடி கேட்ட சொற்றொடர், “எனக்கு என்னா தெரியும் சார், நான் கைநாட்டு” என்பதாகும். நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் மகளும் மருமகனும் போய்விட, பேரப்பிள்ளையோடு இருக்கும் பாட்டிமார்கள் அப்படிச் சொல்வார்கள். அவர்களிடம் பாடத்தைக் கற்பிக்கச் சொல்வது வீண். “ஆயா, பிள்ளை எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படிக்குதான்னு மட்டும் பாருங்க, விரல் நின்னா மறுபடி முதல்லேர்ந்து படிக்கச் சொல்லுங்க” என்று சொல்லிக் கொடுத்தோம். எழுத்தறியாத ஒருவரால் முழுமையாகச் செய்யக்கூடிய வேலை அது. கணக்குக்கும் அவ்வாறே: புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறு வைக்கச் சொல்லி, மிஞ்சியவற்றை எண்ணச் சொல்வது எந்த ஆயாவுக்கும் கைவந்த வேலை, இடமதிப்புக்கு அதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. பயிற்சித் தாளின் மேல் வரியில் அச்சிடப்படும் ‘கீழ்க்காணும் சொற்களைப் பொருத்துக’ போன்ற கட்டளைகளைக் கைவிட்டு, செய்து காட்டிய ஓர் எடுத்துக்காட்டை முதலில் வைத்ததும் இந்தக் காரணத்தால்தான்.

திருத்துவதில் உள்ள சிக்கலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குறிப்பேட்டின் படத்தை எடுத்து அனுப்பச் சொல்வது எல்லோரும் செய்ததுதான். படத்தில் ‘அ’ அழகாக இருக்கும். ஆனால் பிள்ளை அதைச் சுழியில் தொடங்கினாளா, செங்குத்துக் கோட்டில் தொடங்கிப் பின்னோக்கி வரைந்தாளா என்பது படத்தில் தெரியாது. அப்படி வரைந்து பழகிய கை மூன்றாம் வகுப்பில் வேகமாக எழுத முடியாமல் தடுமாறும். எனவே எழுதி முடித்த பக்கத்துக்குப் பதிலாக, எழுதும் கையைச் சில நொடிகள் பதிவு செய்து அனுப்புமாறு கேட்டோம். அரிசி டிரம்மில் சாய்த்து வைத்த கைப்பேசியிலிருந்து, பின்னணியில் கோழிகளின் சத்தத்தோடு வந்த அந்தப் பதிவுகளில் ஒரு பிள்ளையின் விரல்கள் பென்சிலை எங்கே பிடிக்கின்றன என்பது வகுப்பறையில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

கணக்கில் சிக்கல் வேறு வகையானது. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதி வந்தால் மகிழ்ச்சியே. பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறாள், கடன் வாங்கத் தெரியவில்லை என்று உடனே விளங்கிவிடும். 25 என்று சரியாக வந்தால்தான் ஐயம் எழுகிறது: அது பிள்ளையின் விடையா, அண்ணனின் விடையா? இதற்கு ஒரே வழி தொலைபேசியில் அழைத்து, “ஐம்பத்திரண்டுல இருபத்தேழு போனா எவ்வளவு? எப்படிச் செஞ்ச, சொல்லு பாப்போம்” என்று கேட்பதுதான். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இப்படிப் பேசுவது, நாற்பது பேர் முகம் தெரியும் இணைய வகுப்பைவிடப் பயன் தந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல்கள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் இரண்டு அமர்வுகள் போதும் என்றன. ஒன்றாம் வகுப்புக்கு அதுவும் மிகை என்பேன்.

பின்னர் வந்த திட்டங்களைப் பலர் எழுதியிருக்கிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்களை மாலை வேளையில் பிள்ளைகளின் தெருவுக்கே கொண்டு வந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரித்தது; வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு அதுவே நியாயமான ஏற்பாடு.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. பெருந்தொற்றுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே, பள்ளிக்கு வர இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வி நடந்து வருகிறது. பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உடைய பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகக் கூறுகிறது. சிறப்புப் பயிற்றுநர்கள் வீடு தேடிச் சென்று, தாயின் எதிரில் பிள்ளைக்குக் கற்பித்து, அடுத்த முறை வரும்வரை தாய் செய்ய வேண்டியதைக் காட்டிவிட்டு வருகிறார்கள். நாங்கள் தட்டுத் தடுமாறிக் கண்டறிந்தவை அனைத்தும் அவர்களுக்கு அன்றாட வேலை. 2020இல் எல்லாப் பள்ளிகளும் அவர்களை அழைத்து வழிகேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்றும் எங்கள் பள்ளியில் வீட்டிலிருந்து கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மை போட்டு வேப்பிலையோடு வீட்டில் இருப்பவர்களுக்கு, காய்ச்சல் இறங்கிய பிறகு, கதைப் புத்தகமும் இரண்டு பயிற்சித் தாள்களும் வீட்டு வாசலுக்குச் செல்கின்றன. பொங்கல் முடிந்ததும் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போகும் பிள்ளைகளின் நிலைதான் கடினம். அவர்களைச் சூளைக்கு அருகிலுள்ள பள்ளியில் அமரச் செய்ய அங்குள்ள தலைமையாசிரியரிடம் முதலில் பேசுகிறோம். அது கைகூடாத இடத்துக்கு, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, புத்தகங்களும் தாள்களும் இரண்டு பென்சில்களும் ஒரு துருவியும் கொண்ட பையைக் கொடுத்துவிட்டு, சூளையில் யாருடைய எண்ணில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு பேசலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்; சம்பளம் வழங்கும் நாளாதலால் அன்று பெரும்பாலும் வேலை இருக்காது, கைப்பேசியும் கிடைக்கும்.