ஐ ஆம் ஷ்யூர்னு சொன்னா ஏன் திரும்பக் கேக்குறாங்க

சில வருஷம் முன்னாடி வேலை விஷயமா ஒருத்தங்களுக்கு மெயில் அனுப்பினேன், "ஐ ஆம் ஷ்யூர் தி ஃபைல் வாஸ் சென்ட் ஆன் டியூஸ்டே"ன்னு. அனுப்பினது நான்தான், போனதை என் கண்ணால பாத்தேன், அதனால "நிச்சயமா அனுப்பியாச்சுங்க"ங்கிறதைத்தான் இங்கிலீஷ்ல எழுதுறோம்னு நினைச்சேன். பதில் வந்துச்சு, தயவுசெஞ்சு ஒரு தடவை செக் பண்ணி கன்ஃபர்ம் பண்ண முடியுமான்னு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு, இவ்ளோ அடிச்சு சொல்லியும் நம்பலையேன்னு. கூட வேலை பாக்குறவர் ஒருத்தர், இங்கிலீஷ் அவருக்கு தாய்மொழி, அவர்கிட்ட காமிச்சேன். பாத்த உடனே, நீ ஐ ஆம் ஷ்யூர்னு போட்டதாலதான் கேக்குறாங்க, வி சென்ட் இட் ஆன் டியூஸ்டேன்னு மட்டும் எழுதியிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்கன்னாரு.

அன்னைக்கு எனக்குள்ள ஏதோ ஒண்ணு திறந்த மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் இங்கிலீஷ்ல உறுதியைச் சொல்ற வார்த்தைங்க எங்க வந்தாலும் நின்னு பாக்க ஆரம்பிச்சேன், பாத்த வரைக்கும் தெரிஞ்சது இதுதான், அந்த மொழியில மொட்டையா சொல்றதுக்குத்தான் பலம் ஜாஸ்தி, உறுதின்னு ஒரு வார்த்தையைச் சேத்தா பல நேரம் உறுதி குறைஞ்சுதான் போகுது.

மஸ்டை எடுத்துக்கோங்க. ஹி இஸ் அட் ஹோம்னா அவன் வீட்டுல இருக்கான், எனக்குத் தெரியும். ஹி மஸ்ட் பி அட் ஹோம்னா நான் பாக்கல, ஆனா வண்டி வாசல்ல நிக்குது, லைட் எரியுது, அதை வச்சு சொல்றேன்னு அர்த்தம். மஸ்ட்ங்கிறது கேக்க எவ்ளோ அழுத்தமா இருக்கு, ஆனா அது யூகம்தான், பலமான யூகம். இதுல எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்த விஷயம், தமிழும் அச்சு அசலா இதையேதான் பண்ணுது. "நீ வீட்டுல இருக்கணும்"னா கட்டளை, "அவன் வீட்டுலதான் இருக்கணும்"னா யூகம். ஒரே "ணும்" ரெண்டு வேலை பாக்குது, மஸ்டும் அப்படியே ரெண்டு வேலை பாக்குது. எதிர்மறைக்குப் போனா ரெண்டு மொழியும் சேந்தே பாதை மாறுது. "இருக்கக் கூடாது"னா தடை, அது மஸ்ட் நாட். அவன் வீட்டுல இருக்க வாய்ப்பே இல்லன்னு யூகமா சொல்லணும்னா "இருக்க முடியாது"ங்கிறோம், இங்கிலீஷ்லயும் அங்க கான்ட் பி தான் வரும். ஸ்கூல்ல மஸ்டுக்கு எதிர்ப்பதம் மஸ்ட் நாட்னு மனப்பாடம் பண்ணினவங்க எல்லாரும் விழுற இடம் இது, நானும் விழுந்திருக்கேன். நடந்து முடிஞ்சதுக்கும் இதே கதைதான், "வந்திருப்பான்"னா மஸ்ட் ஹேவ் கம், "வந்திருக்கலாம்"னா மைட் ஹேவ் கம், "வந்திருக்க மாட்டான்"னா கான்ட் ஹேவ் கம். நம்ம மொழியில ஏற்கனவே இருக்கிற படிக்கட்டுதாங்க, புதுசா ஏற வேண்டியதில்ல.

ஆனா ஷ்யூர்லி கிட்ட மட்டும் உஷாரா இருக்கணும். நம்மள்ல பாதிப் பேரு "கண்டிப்பா வரேன்"ங்கிறதுக்கு ஷ்யூர்லி ஐ வில் கம்னு எழுதுறோம், டிக்‌ஷனரியில ஷ்யூர்லிக்கும் டெஃபனட்லிக்கும் நிச்சயமாகன்னுதான் போட்டிருக்கும், பிழை நம்ம மேல இல்ல. ஆனா ஷ்யூர்லி இன்னைக்குப் பெரும்பாலும் எதிர்ல இருக்கிறவங்களை ஆமான்னு சொல்ல வைக்கிற வார்த்தை. ஷ்யூர்லி யூ ரிமெம்பர் மீன்னா "என்னை ஞாபகம் இருக்குமே?", ஷ்யூர்லி யூ லாக்ட் தி டோர்னா "கதவைப் பூட்டியிருப்பீங்களே?". அந்தக் கடைசி ஏகாரத்துல ஒரு பதட்டம் இருக்கு பாருங்க, அதுதான் ஷ்யூர்லி. வரேன்னு உறுதி குடுக்க ஐ வில் டெஃபனட்லி கம் தான் சரி, அதையும் வில்லுக்கும் கம்முக்கும் நடுவுல வைக்கணும். வர மாட்டேன்னா வார்த்தை முன்னாடி தாவிடும், ஐ டெஃபனட்லி வோன்ட் கம். டெஃபனட்லி எழுத்துக்கூட்டல்ல தடுமாறுறவங்க ஃபைனைட் (finite)ங்கிற சொல் அதுக்குள்ள முழுசா இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கிட்டா போதும், இங்கிலீஷ் ஏ (a)ங்கிற எழுத்து உள்ளயே வராது.

நோ டவுட்டும் இதே மாதிரி ஏமாத்துற வார்த்தைதான். நேர் அர்த்தம் பாத்தா சந்தேகமே இல்ல, ஆனா நோ டவுட் ஹி வில் பி லேட்னா "எப்படியும் லேட்டாத்தான் வருவான்"ங்கிற மாதிரி, அனுபவத்தை வச்சு சொல்றது, அவ்ளோதான். நிஜமாவே சந்தேகம் இல்லன்னா விதவுட் எ டவுட், இல்ல தேர் இஸ் நோ டவுட்னு முழுசா சொல்லணும்.

ஷ்யூரும் சர்டனும் ஒண்ணுதானேன்னு கேட்டா கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா இட் இஸ் சர்டன் தட்னு ஆரம்பிக்கலாம், இட் இஸ் ஷ்யூர் தட்னு ஆரம்பிச்சா காதுல இடிக்கும். இதைவிட அழகான ஒண்ணு இருக்கு. ஹி இஸ் ஷ்யூர் ஆஃப் வின்னிங்னா ஜெயிப்போம்னு அவனுக்கு நம்பிக்கை. ஹி இஸ் ஷ்யூர் டு வின்னா அவன் ஜெயிப்பான்னு எனக்கு நம்பிக்கை, அவன் பயந்து நடுங்கிட்டுகூட இருக்கலாம். பின்னாடி வர்ற குட்டி வார்த்தை மாறினதும் நம்பிக்கை ஒரு ஆள்கிட்ட இருந்து இன்னொரு ஆளுக்கு மாறிடுது, இதை முதல்ல புரிஞ்சுகிட்ட அன்னைக்கு ரெண்டு மூணு பேரைக் கூப்பிட்டு சொன்னேன்.

இதெல்லாம் வெறும் கிராமர் சமாச்சாரம்னு தோணினா ஒரு நடந்த கதை சொல்றேன். 1951ல அமெரிக்க உளவுத்துறை சிஐஏவோட மதிப்பீடு ஒண்ணு யுகோஸ்லாவியா மேல படையெடுப்பு நடக்கலாம்னு சொல்லிச்சு, அதுக்குப் போட்ட வார்த்தை சீரியஸ் பாஸிபிலிட்டி. அதைத் தயாரிச்சதுல முக்கியமானவர் ஷெர்மன் கென்ட், அவர் மனசுல இருந்தது நூத்துக்கு 65. படிச்ச ஒரு அதிகாரி அதைவிட ரொம்பக் கம்மின்னு எடுத்துக்கிட்டது தெரிஞ்சதும் அவருக்கு அதிர்ச்சி, சரின்னு கூட உக்காந்து அதே வரிக்கு சம்மதம் சொன்ன ஆளுங்களைக் கேட்டா ஒருத்தர் மனசுல 20, இன்னொருத்தர் மனசுல 80. எல்லாரும் ஒரே வார்த்தையில கையெழுத்துப் போட்ட மாதிரிதான், ஆனா யாரும் ஒரே விஷயத்தைச் சொல்லல. அப்புறம் 1964ல அவர் எழுதின கட்டுரையில ஆல்மோஸ்ட் சர்டன்னா 93 பக்கம், ப்ராபபிள்னா 75 பக்கம்னு வார்த்தைக்கு எண் கட்டி வச்சார்.

அதே யோசனையை இன்னைக்கு ஐநாவோட பருவநிலைக் குழு ஐபிசிசி நல்லா பயன்படுத்துது. அவங்க அறிக்கையில லைக்லின்னா 66 சதவீதத்துக்கு மேல, வெரி லைக்லின்னா 90க்கு மேல, எக்ஸ்ட்ரீம்லி லைக்லின்னா 95க்கு மேல, விர்ச்சுவலி சர்டன்னா 99க்கு மேல. பூமி சூடாகுறதுக்கு மனுஷங்கதான் முக்கிய காரணமாங்கிற கேள்விக்கு 2001 அறிக்கையில லைக்லி, 2007ல வெரி லைக்லி, 2013ல எக்ஸ்ட்ரீம்லி லைக்லி. 2021ல மனுஷங்களால சூடாகியிருக்குங்கிறதுக்கு போட்ட வார்த்தை அன்ஈக்விவோக்கல், அதாவது ரெண்டு பேச்சுக்கே இடமில்ல. இருபது வருஷத்துல ஒரு அறிவியல் மெதுவா படியேறினதை நாலு வார்த்தையில பாக்கலாம், எனக்கு அதைப் படிக்கிறப்போ உடம்பு சிலிர்க்கும்.

தமிழ்ல உறுதியைச் சொல்ற ஏகாரத்துக்குன்னே தேற்றேகாரம்னு தனிப்பேரு வச்சிருக்காங்க, தேற்றம்னா தெளிவு, உறுதி, தொல்காப்பியம் ஏகாரத்தோட அர்த்தங்களைச் சொல்றப்போ தேற்றத்தைத்தான் முதல்ல வைக்குது. ஒரே எழுத்துல தெளிவை ஏத்துற மொழியில இருந்துட்டு இங்கிலீஷ்ல போயி டெஃபனட்லி, சர்டன்லி, அப்சல்யூட்லின்னு வரிக்கு வரி அடுக்குறோம்னா அந்த ஏகாரத்தைத் தேடித்தான் அடுக்குறோம்னு நினைக்கிறேன்.

போன மாசம் அதே இடத்துல இருந்து அதே மாதிரி ஒரு கேள்வி வந்துச்சு, ஃபைலை அனுப்பியாச்சா இல்லையான்னு. வி சென்ட் இட் அட் 4.10 ஆன் டியூஸ்டேன்னு மட்டும் எழுதினேன். ரெண்டு நிமிஷத்துல தேங்க்ஸ்னு பதில் வந்துச்சு.