நாலு சிப்பம் ஏற்றியும் இறங்காத ஸ்பிரிங்

நாற்பது கிலோ நெல் சிப்பம் நான்கை நான் செய்த மாதிரி ரயில் வேகன் மேல் ஏற்றி, குறுவை அறுப்பு முடியும்வரை கொட்டகையிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். இறக்கிவிட்டு நான்கு ஸ்பிரிங் ஜோடிகளையும் அளந்து பார்த்தால், ஒன்றுகூட அரை மில்லிமீட்டர் குறையவில்லை. கடையில் வாங்கிப் போட்ட பழைய ஸ்பிரிங்குகள் இதில் பாதிச் சுமைக்கே உயரம் இழந்தவை. சந்தோஷம் தாங்கவில்லை. சக்கரம், அச்சு, சட்டம் எல்லாம் பிறகு எழுதுகிறேன். இப்போது முழுக்க ஸ்பிரிங்தான்.

தெரியாதவர்களுக்கு மட்டும்: வேகன் ஐந்து அங்குல கேஜ் (இரு தண்டவாளத்துக்கும் இடையே உள்ள அகலம்). நம் அகலப் பாதை 1676 மி.மீ., என் பாதை 127 மி.மீ.; அதாவது 13.2 மடங்கு சிறியது. மாதிரி எடுத்தது கேஸ்நப் போகி (போகி என்பது வேகனின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டக் கூட்டு; வேகனுக்கு இரண்டு). நீடாமங்கலம் கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். நெல்லும் அரிசியும் ஏற்றும் மூடிய வேகன்களின் அடியில் இருப்பது அதுதான். பக்கத்துக்கு ஒரு சட்டம், நடுவே வேகன் எடையைத் தாங்கும் குறுக்குக் கட்டையாக ஒரு போல்ஸ்டர், போல்ஸ்டரின் இரு முனையும் ஸ்பிரிங் கூட்டத்தின் மேல் உட்காரும். இரண்டு சட்டங்களும் தனித்தனியாக ஆடிக்கொள்வதால் தண்டவாளம் முறுக்கிக்கொண்டாலும் நாலு சக்கரமும் தரையை விடாது. எனக்கு அது அவசியம் வேண்டும். தோப்பில் பாதை போட்டிருக்கும் மண் சுத்தக் களிமண்; ஐப்பசி கார்த்திகையில் ஊறி உப்பும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். மட்டம் பார்த்து வைத்த தண்டவாளம் ஒரு பருவத்துக்கு மேல் அப்படியே இருந்ததில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஸ்பிரிங் மேல் உட்காரும் வேகன் எடை 40 கிலோ, சுமை 160 கிலோ. இரண்டு போகியிலுமாக நான்கு இடத்தில் பிரித்தால் காலியாக இருக்கும்போது ஒன்றுக்கு 10 கிலோ, நிறைத்தால் 50 கிலோ. சட்டத்தில் ஸ்பிரிங் உட்காரும் ஜன்னல் 22 மி.மீ. அகலம், உயரம் 45 மி.மீ. இதற்குள் எல்லாம் முடிய வேண்டும். சரக்கு வேகன் ஸ்பிரிங்கின் கஷ்டமே இதுதான். பயணிகள் பெட்டியில் காலிக்கும் கூட்டத்துக்கும் எடையில் அவ்வளவு பெரிய வித்தியாசம் வராது. சரக்கு வேகனோ காலி எடையைப் போல நாலு மடங்குக்கு நிறையும். அதற்காக ஸ்பிரிங்கை மெத்தென்று வைக்கவும் முடியாது. நம் அகலப் பாதையில் கப்ளர் (வேகனோடு வேகனை இணைக்கும் கொக்கி) உயரம் காலியில் 1105 மி.மீ.க்கு மேலே போகக் கூடாது, சுமையில் 1030க்குக் கீழே வரக் கூடாது. ஆக 75 மி.மீ.க்குள் அத்தனை டன்னையும் தாங்கியாக வேண்டும். என் வேகன் 12 மி.மீ. இறங்கி ஏறுகிறது; அளவுப்படி பார்த்தால் இது இரண்டு மடங்கு அதிகம். ஆனால் நான் இணைப்புக்கு இரு முனையும் ஆடும் சட்டம் போட்டிருப்பதால் தாங்கிக்கொள்கிறது, களிமண் பாதைக்கு அந்த மென்மையும் வேண்டும்.

கடையில் வாங்கியது ஒற்றை ஸ்பிரிங். 3.2 மி.மீ. கம்பி, ஏழரைச் சுற்று, ஒரு மி.மீ. அமுக்க 3.26 கிலோ. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஏற்றி ஓட்டிய கொஞ்ச நாளில் ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். கடைக்காரர் ‘எங்க ஸ்பிரிங் இறங்கவே இறங்காது’ என்று சாதித்தார். கணக்கு வேறு சொல்கிறது. 50 கிலோவில் கம்பிக்குள் வரும் முறுக்குத் தகைவு (முறுக்கும் விசை கம்பிக்குள் உண்டாக்கும் அழுத்தம்) சுமார் 870 மெகாபாஸ்கல். பாதையில் ஒரு குலுக்கல் வந்து சுற்றும் சுற்றும் முட்டினால் அது 1,180 வரை போகும். அந்தத் தடிமனில் நல்ல ரகக் கம்பியே 1,020 அளவில் தளர ஆரம்பிக்கும். பின் எப்படி இறங்காமல் இருக்கும்?

சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: தகைவைக் கணக்கிடும்போது வால் (Wahl) என்ற பொறியாளரின் திருத்தத்தை விட்டுவிடாதீர்கள். அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் இருந்த அவர் 1929இல் கொடுத்தது. கம்பி வளைந்திருப்பதால் சுற்றின் உள்பக்கத்தில் தகைவு கூடுதலாகக் குவியும். சுற்றின் சராசரி விட்டம் கம்பித் தடிமனைப் போல ஆறு மடங்கு என்றால் கால் பங்கு கூடும். உடைந்த ஸ்பிரிங் எதையாவது எடுத்துப் பாருங்கள், விரிசல் பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் பிறந்திருக்கும்.

தடித்த கம்பி போட்டால் ஆகாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 3.5 மி.மீ. போட்டால் விறைப்பு ஏறிவிடும், ஏனென்றால் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியில் போகிறது. அதே மென்மை வேண்டுமென்றால் சுற்றைக் கூட்ட வேண்டும். பத்துச் சுற்று வந்தால் முட்டும் உயரமே 35 மி.மீ. மொத்தம் 45இல் மிச்சம் பத்து மி.மீ.தான், எனக்கோ நிறைசுமைக்கே 15 வேண்டும். இடம் இல்லை.

இதற்கு விடை பெரிய வேகன்களிலேயே இருக்கிறது: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங். வெளி ஸ்பிரிங்கின் நடுவே சும்மா கிடக்கும் வெற்றிடத்தையும் வேலை வாங்குவதுதான் சூட்சுமம். இரண்டுக்கும் சராசரி விட்டத்துக்கும் கம்பித் தடிமனுக்கும் உள்ள விகிதம் ஒன்றாக, முட்டும் உயரம் ஒன்றாக வைத்தால் இரண்டிலும் தகைவு கிட்டத்தட்டச் சமமாக வரும். சுமையைக் கம்பி விட்டத்தின் வர்க்கப்படி பங்கிட்டுக்கொள்ளும். விகிதம் ஆறு என்றால் கம்பிகள் ஒன்றரைக்கு ஒன்று. எனக்கு 3 மி.மீ., 2 மி.மீ. என்று அழகாக அமைந்தது. வெளியே சராசரி விட்டம் 18, எட்டுச் சுற்று. உள்ளே 12, பன்னிரண்டு சுற்று. இரண்டும் 24 மி.மீ.யில் முட்டும். இடையே பக்கத்துக்கு அரை மி.மீ. சந்து.

முனைச் சுற்றுகள் இரண்டும் வேலை செய்யாது என்பதால் ஏட்டுக் கணக்கு கொஞ்சம் நழுவும். வெளியே ஆறு சுற்றும் உள்ளே பத்துச் சுற்றும்தான் உழைக்கின்றன. அதனால் 50 கிலோவில் வெளி ஸ்பிரிங் கிட்டத்தட்ட 36, உள்ளது 14 கிலோ. தகைவு வெளியே 745 சொச்சம், உள்ளே 670. முட்டும்போது வெளியே 1,020. 3 மி.மீ. கம்பி தாங்குவது 1,030. விளிம்புதான், ஆனால் உள்ளே நிற்கிறது. அதே மென்மை, அதே குழி, அதே உயரம். ஒற்றை ஸ்பிரிங்கால் முடியாதது ஜோடியால் முடிகிறது.

இனி என் பொழுதெல்லாம் போன இடம்: சுற்றுவது.

இரண்டு ஸ்பிரிங்கும் எதிரெதிர்ச் சுற்றாக இருக்க வேண்டும். ஒரே திசையில் இருந்தால் குலுக்கலில் உள்சுற்று வெளிச்சுற்றின் இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும். எதிர்ச் சுற்றில் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் மாட்ட வழியில்லை. அமுங்கும்போது ஸ்பிரிங் முனை லேசாகத் திரும்பும். அந்தத் திருகலும் ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டும்.

லேத்தில் (கடைசல் இயந்திரம்) சக்குப் பக்கம், அதாவது பிடித்துச் சுழற்றும் தலைப் பக்கம், கம்பியை மாட்டி, நேராக ஓட்டி, கேரியேஜை (நகரும் மேடை) டெயில் ஸ்டாக் பக்கம், அதாவது எதிர்முனைத் தாங்கிப் பக்கம், நகர்த்தினால் கிடைப்பது இடச் சுற்று. உள் ஸ்பிரிங்கை இடச் சுற்றாக வைத்ததற்கு இதுதான் காரணம். அதன் மேண்ட்ரல் (கம்பியைச் சுற்றும் உருளை) 8.9 மி.மீ.தான், சக்குக்குப் பக்கத்திலேயே கம்பி பிடித்திருந்தால் முறுக்கம் வராது. வெளி ஸ்பிரிங் வலச் சுற்று. அதற்கு மேண்ட்ரலின் டெயில் ஸ்டாக் முனையில் துளை போட்டு, கம்பியை அங்கே மாட்டி, சக்கை நோக்கி வர வேண்டும். மேண்ட்ரல் 13.2 மி.மீ., சென்டரில் தாங்கியிருப்பதால் பிரச்சினை இல்லை.

மேண்ட்ரல் அளவு ஏன் இவ்வளவு சிறியது என்றால், பியானோ கம்பி (நான் சுற்றும் கடினமான ஸ்பிரிங் கம்பி) கையை விட்டதும் விரிந்துகொள்ளும். 13.2இல் சுற்றினால் உள்விட்டம் 15க்கு வருகிறது. விரியும்போது சுற்று எண்ணிக்கை குறையும், சுற்றுக்குச் சுற்று இடைவெளி (பிட்ச்) கூடும். அதனால் வெளியே எட்டு வேண்டுமென்றால் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்ற வேண்டும், பிட்ச் 6 வைத்தால் 6.6 ஆகிறது. உள் ஸ்பிரிங்குக்கு 3.75 பிட்ச் தேவைப்பட்டது. என் லேத்தின் கியர் பெட்டியில் அது கிடையாது. 4 வைத்தால் ஸ்பிரிங் 48 மி.மீ. நீளம், 3.5 வைத்தால் 42க்கு வந்துவிடுகிறது. கடைசியில் சேஞ்ச் கியரை மாற்றித்தான் ஆனது. இந்த ஒரு கால் மி.மீ.க்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல, ஆனால் விட மனசில்லை. இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே நீளம் இல்லையென்றால் நீளமானது தனியாகச் சுமந்து முதலில் இறங்கும்.

கம்பியின் இழுவை மாறாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். டூல் போஸ்ட்டில் (கேரியேஜ் மேல் உளி பிடிக்கும் இடம்) காடி வெட்டிய இரண்டு பித்தளைக் கட்டைகளை இறுக்கி, நடுவே கம்பியை எண்ணெய் தடவி ஓடவிடுகிறேன். போல்ட்டைக் கால் திருகு கூட்டினாலே விட்டம் மாறும், அரை மி.மீ. சந்துக்கு அது பெரிய வித்தியாசம். சரியான இறுக்கம் கிடைத்ததும் போல்ட் தலையிலும் கட்டையிலும் மார்க் போட்டுவிட்டேன். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஹாஃப் நட்டை (கேரியேஜை நகர்த்தும் பிடி) விடுவித்து ஒட்டினாற்போல் சுற்ற வேண்டும். வேகம் பேக் கியரில் மிகக் குறைவு. முடிந்ததும் கம்பியை உடனே வெட்டாமல், சக்கைக் கையால் பின்னோக்கித் திருப்பி முறுக்கத்தைத் தளர்த்திய பிறகே வெட்டுங்கள். எங்கள் ஊர் லேத் பட்டறை அண்ணன் வாசலில் நின்றே கத்துவார்: “தம்பி, கைய அந்தப் பக்கம் கொண்டு போகாதீங்க, கம்பி சாட்டை மாதிரி அடிக்கும்.” மூன்று மி.மீ. கம்பி அப்படித்தான் அடிக்கிறது.

பிறகு கேக் அடுப்பில் 250 டிகிரி, அரை மணி நேரம். அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். கம்பி வைக்கோல் நிறத்துக்கு வரும். இதில் விட்டம் ஒரு நூலளவு சுருங்கும், ஆகவே சந்தை அடுப்புக்குப் பிறகுதான் அளக்க வேண்டும். முனைகளைச் சாணையில் முக்கால் சுற்றுக்குத் தட்டையாக்கினேன். அடிக்கடி தண்ணீரில் முக்காவிட்டால் கம்பி நீலம் பாய்ந்துவிடும், அந்த இடம் அவ்வளவுதான். மூலைமட்டத்தில் வைத்துச் சாய்வு பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

இறங்காமல் இருப்பதற்கான கடைசி வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். (1897இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1928இல் பொன்மலைக்கு மாறிய பணிமனை. நீலகிரி மலை ரயிலுக்குப் புது நீராவி இன்ஜின்கள் செய்து கொடுத்ததும் அங்கேதான்.) “முட்ட முட்ட அமுக்கி விடுங்க தம்பி. இறங்க வேண்டியது பட்டறையிலயே இறங்கிடட்டும்” என்றார். டிரில்லிங் மெஷினின் கீழே மளிகைக் கடைத் தராசு ஒன்றை வைத்து, ஒவ்வொன்றையும் முழுக்க முட்டும்வரை பல தடவை அமுக்கினேன். 46இல் இருந்தது 45க்கு வந்து நின்றது. அதற்கு மேல் எத்தனை அமுக்கியும் அசையவில்லை. கம்பியின் மேற்பரப்பு ஒரு முறை தளர்ந்து, விட்டதும் எதிர்த் தகைவு ஒன்றை உள்ளே வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு வரும் சுமை முதலில் அதைத் தாண்டித்தான் கம்பியைத் தொட வேண்டும். அதே தராசில் ஜோடியின் விறைப்பு மி.மீ.க்கு 3.1 முதல் 3.2 கிலோ. கணக்கில் 3.26. இதைவிட என்ன வேண்டும்?

கம்பி வாங்குபவர்களுக்கு: தஞ்சாவூரில் ‘ஸ்பிரிங் கம்பி’ என்று கேட்டால் கொடுப்பார்கள், ரகம் சொல்ல மாட்டார்கள். ஐ.எஸ். 4454 என்ற இந்தியத் தர எண் லேபிளும் டி.எச். என்ற ரகமும் உள்ள சுருளாகக் கேளுங்கள். நான் சென்னை செம்புதாஸ் தெருவில் வாங்கினேன், சுருளாகத்தான் கொடுத்தார்கள். மிச்சக் கம்பி நிறைய இருக்கிறது. நிஜ வேகன் ஸ்பிரிங்குகள் இந்த வழியில் வருவதில்லை. தடித்த கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சுற்றி, எண்ணெயில் தோய்த்துப் பதமாக்கி, எஃகுக் குண்டுகளால் மேற்பரப்பை அடிப்பார்கள். குவாலியர் பக்கம் சித்தௌலியில் ரயில்வேக்கு இப்படிச் சுருள் ஸ்பிரிங் செய்வதற்கென்றே தனித் தொழிற்சாலை இருக்கிறது.

கடற்காற்றுக்குத் துத்தநாக முலாம் பூசச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். வேண்டாம். முலாம் குளியலிலும் அமிலத்திலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, இவ்வளவு கடினமான கம்பியை ஒரு நாள் சொல்லாமல் முறித்துவிடும். பூசியே ஆக வேண்டுமென்றால் உடனே 200 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். எந்த முலாம் பட்டறையில் அதைப் பொறுமையாகச் செய்கிறார்கள்? கறுப்பு எனாமல் போதும். துருக்குழி விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இரண்டாவது போகியின் பிரேக் கம்பிகள் இன்னும் மாட்டவில்லை. அதற்குள் மனசு ஆட்டத்தை அடக்கும் வெட்ஜுக்கு (ஆப்பு) போய்விட்டது. சுருள் ஸ்பிரிங்குக்குத் தானாக அடங்கும் குணம் கிடையாது. பட்டை ஸ்பிரிங்கில் தகடுகள் உரசி ஆட்டத்தை விழுங்கும், இது ஆடிக்கொண்டே இருக்கும். காலி வேகன் வளைவில் துள்ளுவதைப் பார்த்தேன். கேஸ்நப்பில் போல்ஸ்டரின் இரு பக்கமும் ஆப்பு வடிவத் துண்டுகள், அடியில் தனி ஸ்பிரிங்கோடு, சட்டத்தில் உரசி அதை அடக்குகின்றன. மிச்சமிருக்கும் 2 மி.மீ. கம்பியில் அந்தக் குட்டி ஸ்பிரிங்குகளைச் சுற்றிவிட்டேன். ஆப்புக்கு வார்ப்பிரும்பு வேண்டும். பழைய பம்ப்செட் பாகம் ஒன்றை அறுத்து வைத்திருக்கிறேன், சாய்வு எத்தனை டிகிரி என்பதை முதலில் மரத்தில் செய்து பார்த்து முடிவு செய்ய வேண்டும்.