தேக்கு வளையத்தில் சூரியனைத் தேடி

மரத்தின் ஆண்டு வளையம் எண்ணுவதில் பாதி வேலை உப்புத்தாளோடு போய்விடுகிறது. மியான்மரின் மௌல்மீனில் எங்கள் தெருவில் பிரித்த பழைய வீட்டுத் தேக்குத் தூணில் ஒரு துண்டை ஆசாரி எனக்கென்று ஒதுக்கிவைத்திருந்தார். "சூரியனைப் பற்றித் தெரிந்துகொள்ள மரம் எதற்குத் தம்பி?" என்று சிரித்தாலும், வெட்டுமுகத்தை இழைப்புளி போட்டுச் சமன்செய்து கொடுத்தார்.

முரட்டுத் தாளில் தொடங்கி வழவழப்பான தாள் வரை தேய்த்து, ஈரத்துணியால் துடைத்ததும் வளையங்கள் எழுந்து வந்தன. தேக்கு கோடையில் இலையுதிர்த்து நிற்கும். மீண்டும் துளிர்க்கும்போது பெரிய துளைகளை வரிசையாகப் போடும். பூதக்கண்ணாடியில் அந்த வரிசை ஊசியால் குத்திய கோடுபோலத் தெரிகிறது. புதிய ஆண்டு அங்கே தொடங்குகிறது. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் இந்தத் தயவு கிடையாது.

அமெரிக்க வானியலாளர் ஏ. ஈ. டக்ளஸ், சூரியனின் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் பதினோராண்டுச் சூரியச் சுழற்சியை அரிசோனா பைன் மரங்களில் தேடப் போய்த்தான் வளையக் காலக்கணிப்பு என்ற துறையே பிறந்தது. தேடிய சுழற்சி அவருக்கு உறுதியாகப் பிடிபடவில்லை.

நானும் அகலங்களை அளந்து வரைபடத்தாளில் போட்டேன். ஏற்ற இறக்கம் அழகுதான். பெரும்பாலும் அது மழையின் கணக்கு. தூண் செதுக்கியவர்கள் வைரம் பாயாத வெளிமரத்தைச் சீவி எறிந்துவிட்டதால் கடைசி வளையத்தின் ஆண்டும் தெரியாது. முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்றால் எந்த வரைபடமும் சூரியப் புள்ளிக் கணக்கோடு எங்காவது பொருந்தித் தொலைக்கும். அந்தப் பொருத்தம் எனக்கு வேண்டாம்.

சூரியன் தன் கணக்கை எழுதுவது மரத்திலுள்ள கார்பனில். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களால் வளிமண்டல நைட்ரஜனிலிருந்து கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் உண்டாகிறது; மரம் அதைக் காற்றிலிருந்து எடுத்து அந்தந்த ஆண்டின் வளையத்தில் சேர்த்துவைக்கிறது. சூரியன் துடிப்பாக இருந்தால் அதன் காந்தப்புலம் கதிர்களைத் தடுத்து அதைக் குறைக்கும்; ஓய்ந்திருந்தால் அது கூடும். புள்ளிகள் அரிதாகிப்போன 1645–1715 மவுண்டர் காலத்தில் அப்படித்தான் கூடியிருக்கிறது. ஜப்பானின் யாக்கு தீவு மரங்களில் 774–775இல் அது ஏறக்குறைய 1.2 சதவீதம் எகிறியதை ஃபுசா மியாகே குழு 2012இல் வெளியிட்டது. பெரும் சூரிய வெடிப்பு என்பதே பலரின் முடிவு.

அதை அளக்கும் கருவி ஆசாரி பட்டறையில் கிடைக்காது. ஆனால் அந்த அளவுகளுக்கு ஆண்டு கொடுப்பது வளைய எண்ணிக்கைதான், அதையாவது பழகிக்கொள்ளலாம். முடோன் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஓரத்தில் பட்டையோடு சாய்ந்த தேக்கு ஒன்று இருக்கிறதாம். சாய்ந்த ஆண்டும் தோட்டக்காரருக்குத் தெரியுமாம். மழை விட்டதும் முழு வட்ட வில்லையாக ஒரு துண்டு அறுக்க வேண்டும். நடுவில் மழை பொய்த்தால் விழும் பொய்வளையத்தைச் சுற்றிலும் பார்த்துத்தான் கழிக்க முடியும்.